விரலுக்கு நடுவே

சொந்த உழைப்பில் நாலு லாரி வாங்கியவன் நான். ஆனாலும் பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில்தான் போவேன். அன்றைக்கு முன் சீட்டில் ஒரு மாமியார், மடியில் இருந்த பேரனின் கையைத் துண்டால் மூடிக்கொண்டு மருமகளிடம் சொன்னார்:

"கிரகணத்தன்னைக்கு வெத்தலை கிள்ளப் போனியே, அதான் வெரலு ஒட்டிப் பொறந்திருக்குது."

"இல்லீங்க அத்தை. வயித்துல எல்லாக் கொழந்தைக்கும் மொதல்ல ஒட்டித்தான் இருக்குமாம். நடுவுல இருக்கற செல்லு தானாச் சாகோணுமாம். அதுக்குள்ள கத்தரியாட்டம் ஒரு புரதம் தூங்கிட்டிருக்குமாம். சேதி வந்தா முழிச்சு, உள்ள இருந்தே செல்லை நறுக்கிப்போடுமாம். இவனுக்குச் சேதி போய்ச் சேரலைன்னு டாக்டர் சொன்னாருங்க."

"சேதி சொல்றது ஆரு, நீயா?"

"நானில்லீங்க. பக்கத்துச் செல்லுங்க."

பரமத்தி தாண்டியதும் மாமியார் துண்டை எடுத்தார்.

"கை காத்தாடட்டும் சாமி" என்றார் பேரனிடம்.