பதினொன்று இருபதுக்கு வந்த போன்

என் பெயர் சுவைனா. தகப்பனார் பெயர் ஹம்மூத். வயது 34. மஸ்கட் அல் குவைரில் குடியிருந்து வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளுக்கு ஆபத்து நேர்ந்தால் உதவி அனுப்பிவைக்கும் ஒரு சிறிய கம்பெனியில் ஆறு வருடமாகத் தொலைபேசி மேசையில் வேலை பார்க்கிறேன். தும்ரைத் காவல் நிலையத்தில் வியாழக்கிழமை முதல் காவலில் இருக்கும் வழிகாட்டி பகீத் சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன். கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போகும், போகட்டும்.

பாலைவனத்துக்குள் போகிற வண்டிகள் தினமும் மாலை ஐந்து மணிக்கு சாட்டிலைட் போனில் எங்களைக் கூப்பிட்டு நிலவரம் சொல்ல வேண்டும். பகீத்துக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எனக்கு உறவில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வருடத்தில் அவர் ஐந்து மணிக்கு முன்னால் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "ஏசியிலயே இருந்து இருந்து உன் குரலுக்கும் சளி பிடிச்சுப்போச்சு" என்று கிண்டல் செய்வார்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவர் டென்மார்க்கைச் சேர்ந்த தோர்பென் என்பவரை ஷிஸ்ர் என்ற ஊருக்கு மேற்கே மணல்மேடுகளுக்கு அழைத்துப் போயிருந்தார். தோர்பென் 62 வயதானவர், கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்தவர். அன்று காலை பதினொன்று இருபதுக்கு பகீத்தின் எண்ணிலிருந்து போன் வந்தது.

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருக்கிறது. அதன்படி யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்பது. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் அதைத்தான் எடுத்தவுடன் கேட்பாள். மரியாதை தெரியாதவள் என்று நாங்கள் அவளைப் பார்த்துச் சிரிப்போம். அன்று அவள் எடுத்திருந்தால் நான் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

நான் ஸலாம் சொல்லி, "எப்படி இருக்கீங்க மாமா?" என்று கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ். நீ எப்படிம்மா? அப்பா நல்லாருக்காரா? தம்பிங்க?"

"எல்லாரும் சுகம். உங்க வீட்டுல? ஒட்டகங்க?"

"எல்லாம் சுகம்."

"என்ன சேதி மாமா?"

"சேதி ஒண்ணுமில்ல. எல்லாம் நல்ல சேதிதான். உன் பக்கம்?"

"இங்கயும் ஒண்ணுமில்ல."

அதன் பிறகு அவர் பேசவில்லை, ஆனால் மூச்சு கேட்டது. எங்கள் ஆட்களிடம் என்ன சேதி என்று கேட்டால் முதலில் நல்ல சேதி என்றுதான் வரும். வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் அப்படித்தான். மறுபடியும் ஒரு தரம் கேட்ட பிறகுதான் உள்ளது வெளியே வரும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பக்கத்து லைனில் விளக்கு எரிந்தது. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு ஒருவர் காலையிலிருந்து என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று நினைத்து, "சரி மாமா, அஞ்சு மணிக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு நான்தான் போனை வைத்தேன்.

வைத்த உடனேயே மனதில் உறுத்தியது. திரும்ப மூன்று தரம் போட்டேன், கிடைக்கவில்லை. அதன் பிறகு பதிவேட்டில் அனைவரும் நலம், லைன் துண்டானது என்று எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் பேச்சை ஒலிப்பதிவு செய்வதில்லை, நான் எழுதுவதுதான் சாட்சி. நானே வைத்தேன் என்று எழுதினால் ஏன் வைத்தாய் என்று மேலதிகாரி கேட்பார், அதனால் அப்படி எழுதினேன்.

மாலை ஐந்து மணிக்கு பகீத் கூப்பிடவில்லை. ஐந்து பத்துக்கு மேலதிகாரியிடம் சொன்னேன். அதன் பிறகு ஹெலிகாப்டர் புறப்பட்டு, கவிழ்ந்து கிடந்த வண்டியைக் கண்டுபிடித்தது. தோர்பென் நான்கு மணிவாக்கில் இறந்திருந்தார். வெளியே பெரிய காயம் இல்லை, நெஞ்சுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, மதியம் இரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தோர்பெனின் மகளுக்கு நான்தான் போன் செய்தேன். நலம் விசாரிக்காமல் சேதியை முதலில் சொன்னேன்.

அதன் பிறகு கம்பெனி என் பதிவேட்டின் நகலை போலீசுக்குக் கொடுத்தது. ஆபத்தில் இருந்த பயணியின் நிலையை மறைத்து, நலம் என்று பொய்த் தகவல் சொன்னதாக பகீத்தைக் காவலில் வைத்தார்கள். மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை விமானத்தில் சலாலா வந்து, அங்கிருந்து காரில் தும்ரைத் வந்து, அனுமதி வாங்கி பகீத்தைப் பார்த்தேன். அவர் முதலில் என் தகப்பனாரின் சுகத்தைக் கேட்டார். நான் அழுதேன். அதன் பிறகு, வண்டி கவிழ்ந்ததை ஏன் அன்று போனிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நேரங்கெட்ட நேரத்துல கூப்பிட்டேன்ல, அதுவே பாதி சேதி. நீ நம்ம பொண்ணு, மிச்சத்தக் கேட்பன்னு இருந்தேன். வண்டி உருண்டதுல சார்ஜர் நொறுங்கிப்போச்சு. நீ வச்சதும் போனும் செத்துப்போச்சு."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"வண்டி நிழல்ல அவர வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வருதா வருதான்னு வானத்தக் காட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. வருது, நம்ம பொண்ணுதான் மேசையில இருக்கு, அதுக்குப் புரிஞ்சிருக்கும்னு சொன்னேன்."

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வெளியே போய் போலீசிடம் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"பைத்தியமா உனக்கு? லைன் தானா அறுந்துபோச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் அதத்தானே எழுதிருக்க. பொம்பளப் புள்ள, இந்த வாசல்ல உனக்கு என்ன வேல? வீட்டுக்குப் போ."

நான் வீட்டுக்குப் போகாமல் நேராக இந்த அறைக்கு வந்தேன். பகீத் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் லைன் தானாக அறுந்தது என்பது ஒன்றுதான் பொய். அதையும் எனக்காகச் சொன்னார்.

மேலே எழுதியிருப்பது நான் என் வாயால் சொன்னது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) சுவைனா, ஹம்மூத் மகள்