உள்ளே போட்ட நாற்காலி

கூட வந்தவர்களை முதலில் வெளியே உட்கார வைக்க வேண்டும். தோல் டாக்டராக நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் அதுதான். மாமியார் பக்கத்தில் இருந்தால் எந்த மருமகளும் கருத்தடை மாத்திரை சாப்பிடுவதில்லை. கணவன் பக்கத்தில் இருந்தால் எவளுக்கும் உதட்டில் கொப்புளம் வந்ததே இல்லை. முகத்தில் ஆசிட் பூசி மேல்தோலை உரிக்கிற வேலையில் இந்தப் பொய்கள் விளையாட்டல்ல. அதனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேள்வி கேட்பேன்.

என் தங்கை வந்த அன்று, அவளுடைய வருங்கால மாமியாருக்கு நானே ஒரு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டேன்.

அந்த அம்மாள் நல்லவர்தான். கன்னத்துப் பருவடுக்கள் கல்யாணத்துக்குள் மறைந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாடு போவதாக ஏற்பாடு. எங்கள் அம்மா இறந்துபோன பிறகு தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியவள் நான். எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா?

கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

"காயம் ஆறின இடத்துல தழும்பு தடிச்சு வளருமா?"

அவள் கை தானாகக் காதுக்குப் போய், முடியை இழுத்து மூடியது. பள்ளியில் படிக்கும்போது காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்தது. வெட்டியெடுத்த பிறகும் வளர்ந்தது. மருந்து வைத்துக் கட்டியவள் நான்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்திருந்தோம். அப்படிப்பட்ட தோலை ஆழமாக உரிக்கக் கூடாது என்பது மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

மாமியாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்துவிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

"இல்லக்கா," என்றாள்.

"சரிம்மா," என்றேன்.

பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. லேசான மருந்தைப் பூசி ஒப்பேற்றியிருக்கலாம்தான். ஆழமாக இறங்குவதையே எடுத்தேன். எரிகிறது என்றாள். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லி விசிறிவிட்டேன்.

புண் ஆறியது. பிறகு கன்னத்திலும் தாடையிலும் தழும்புகள் கயிறு கயிறாக எழுந்தன. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகவே விலகிக்கொண்டார்கள். வீட்டுக் கண்ணாடிகளை மூடச் சொன்னாள், மூடினேன். இப்போது வாசலில் மணி அடித்தால் பின்னறைக்குப் போய்விடுகிறாள். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. "நாந்தானேக்கா இல்லன்னு சொன்னேன்," என்று அழுவாள். நான் தலையைத் தடவிக்கொடுப்பேன்.

அவள் காதைப் பார்த்த பிறகுதானே என்னைக் கூப்பிட்டனுப்பினீர்கள்? ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அவள் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே யார் உட்காருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரணையைச் சீக்கிரம் முடித்தால் நல்லது. சாயங்காலம் அவள் முகத்துக்குக் களிம்பு தடவ வேண்டும். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?