மூணு தடவை திரும்பி வந்த திருத்தம்

கனிமொழி: ...நேத்தும் உங்க திருத்தத்த திருப்பி அனுப்பிட்டாரா அந்தாளு?

பாலகுமார்: மூணாவது தடவ. கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டு பாக்குறாரு. யாரு பெத்த புள்ளயோ...

கனிமொழி: கடலூர்லேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்துருக்கேன் மாமா. டீ குடுத்துட்டுத் திட்டுங்க.

பாலகுமார்: இந்தா. அந்தாளு பாத்து சரின்னு சொல்லி, என் கோட் திருத்தத்த ஊரே சேந்து எழுதற அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துல அதோட தலைவரு சேத்தாத்தான் புதுக் கம்பெனில வேல. சிதம்பரத்துல வூட்லேர்ந்தே பாக்கலாம். இல்லன்னா பெங்களூருதான். நீ இங்க, நான் அங்க...

கனிமொழி: அப்படி என்னாதான் தப்பாம்?

பாலகுமார்: நெட்வொர்க்ல பெரிய டேட்டா பாக்கெட்டுன்னா துண்டு துண்டா ஒடச்சி அனுப்பும். புவனகிரிலேர்ந்து கல்யாணத்துக்கு ரெண்டு வேன்ல வர்றாங்கன்னு வையி. பத்திரிக மொத வேன்ல இருக்கு. வாசல்ல நிக்கிற ஃபில்டர் ரெண்டாவது வேன உடமாட்டேங்குது. அதான் கோளாறு.

கனிமொழி: நீங்க என்னா பண்ணீங்க?

பாலகுமார்: ரெண்டாவது வேன் எது வந்தாலும் உடுன்னு எழுதிட்டேன்.

கனிமொழி: நல்லா எழுதனீங்க போங்க. மொத வேனையே தொரத்தியிருந்தா? அவுங்க ஆளுங்க பின்னாடியே வந்து பந்தில ஒக்காந்துடுவாங்கல்ல...

பாலகுமார்: அதயேதான் அந்தாளும் கேட்டாரு.

கனிமொழி: அப்படியா... டீல சக்கர ஜாஸ்தி.

பாலகுமார்: பேச்ச மாத்தாத. மொத வேனுக்கு என்னா பதிலோ, அத ஞாபகம் வச்சிக்கிட்டு பின்னாடி வர்றதுக்கும் அதயே சொல்லணும். மத்தியானம் அப்படித்தான் மாத்தி அனுப்பனேன்... இரு, மெயில் வருது.

கனிமொழி: யாரு மெயிலு?

பாலகுமார்: தலைவருது. அந்தாளு சாயங்காலமே சரின்னு அவருக்கு எழுதிட்டாராம். தலைவரும் சேத்துட்டாரு. கனி... சேத்துட்டாங்க கனி.

கனிமொழி: டீ கொட்டுது மாமா, கைய உடுங்க...

பாலகுமார்: கொட்டட்டும். மொதல்ல அந்தாளுக்கு நன்றி எழுதணும்.

கனிமொழி: எழுத வேணாம். நேர்லயே சொல்லுங்க.

பாலகுமார்: நேர்லயா?

கனிமொழி: நாந்தான் அது. ஆபீஸ் வேலையோட வேற பேருல இதயும் பாக்குறேன். நீங்க எங்க வூட்டுக்காரருன்னு தலைவருகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். அப்ப இன்னும் கண்டிப்பா பாருன்னாரு. உங்ககிட்டதான் மறச்சேன். பொண்டாட்டி தயவுல கெடச்சதுன்னு நெனச்சிடுவீங்களோன்னு... என்னா சிரிக்கிறீங்க?

பாலகுமார்: நீ பஸ்ல வர்ற நேரத்துக்குத்தான் அந்தாளோட மெயிலே வரும். நீ லீவு போட்டா அவரும் லீவு. ரெண்டாவது தடவயே தெரிஞ்சிடுச்சு புள்ள. உன்கிட்டயே பாஸ் பண்ணிட்டா அப்பறம் எவன்கிட்டயும் பயமில்லன்னுதான், தெரியாத மாதிரி திட்டிக்கிட்டே அனுப்பனேன்.