மிதி இல்லாத கார்

புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் காரைக் கழுவி மெழுகு பூசிய ஆள் நான். மேலெல்லாம் மினுங்கியது, பின்னால் வந்த புகை மட்டும் கறுப்பு. அதில் தவறி, கிளிநொச்சியில் மறுபடியும் வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற சின்னக் காருக்குள் ஓட்டுநர் மனைவியிடம் சொன்னது கேட்டது.

"காலை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்."

"பறவாயில்லை. இந்தக் காருக்குத் தேவையில்லைத்தானே."

அவருக்கு வலது கால் இல்லை; வீட்டில் விட்டது பொய்க்காலை. பிறேக்கையும் எக்ஸிலேற்றரையும் கைக்கு மாற்றியிருந்தார்கள்.

"பாஸ் பண்ணாட்டில்?" மனைவி கேட்டார்.

"திரும்பவும் உம்மடை மோட்டச்சைக்கிள்தான்."

"அதிலை உங்களுக்கென்ன குறை?"

"எனக்கொரு குறையுமில்லை. பதினைஞ்சு வருஷமா மழை முழுக்க உம்மிலை. நான் உம்மடை முதுகுக்குப் பின்னாலை நனையாமல் வாறன்."



பரிசோதகர் புகைக்குழாயில் கருவியைச் செருகிவிட்டுக் குரல் கொடுத்தார். "ஐயா, காலை நல்லா அமத்துங்கோ."

கார் அசையவில்லை, உறுமவுமில்லை.

மனைவி ஜன்னலால் தலையை நீட்டினார். "தம்பி, கையை எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டில் பின்னேரம் வரைக்கும் இப்பிடியே இருப்பார்."

பரிசோதகர் திருத்திச் சொன்னார். இஞ்சின் உறுமியது. சிறிது நேரத்தில் சான்றிதழும் வந்தது. ஓட்டுநர் அதை வாசிக்காமலே மனைவியின் மடியில் வைத்தார்.

"இனி மழைக்கு நீர் உள்ளுக்கை இரும். நான் கொண்டுபோறன்."

கார் முக்கி முனகியது, நகரவில்லை.

"கொண்டுபோங்கோ," என்றார் மனைவி. "முதல் ஹாண்ட் பிறேக்கை எடுங்கோ."