செவ்வாய்க்கிழமைத் தட்டுகள்

கூரைத் தகரத்தில் தொம்மென்று ஒரு சத்தம்.

பயப்படாதீர்கள், டாக்டரம்மா. மாம்பழம்தான். ஜனவரி வந்தால் எங்கள் ஃபீஜியில், இந்த நசினுவில் எல்லார் வீட்டுக் கூரையிலும் மாம்பழம் விழும். கனிந்த பழத்துக்கு ஒரே சத்தம். விழுந்த இடத்திலேயே அப்பிக்கொள்ளும். கல்லுக்கு இரண்டு சத்தம். விழும்போது ஒன்று, உருண்டு ஓரத்துக்கு வந்து கீழே குதிக்கும்போது இன்னொன்று. எனக்குப் பிரித்துத் தெரியும்.

நீங்கள் கட்டைப் பிரியுங்கள். புண் வலிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், அதற்குள் கம்லா டீயோடு வந்துவிட்டாள். இன்று பதில் சொல்கிறேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும், பரவாயில்லை. என்னோடு முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியும் அவளுடைய தமிழ் 'சோறு', 'தண்ணி' தாண்டி வரவில்லை. இந்தத் தெருவில் என் தமிழைக் கேட்க இப்போது யாருமில்லை. அப்புறம்தான் திருச்சியிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

டிசம்பரில் பட்டாளம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது அல்லவா, அன்றே ஆக்லாந்திலிருந்து மகன் ஷாலீன் போன் செய்தான். காகிதமெல்லாம் தயார், அம்மாவும் நீங்களும் கிளம்பி வாருங்கள் என்றான். இசைத்தட்டில் பத்துக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்றும் சொன்னான். இந்த அறையைப் பாருங்கள். நாலு சுவரிலும் தட்டுதான். ஆயிரத்து நூறுக்கு மேல் இருக்கும். அதில் பத்து.

பொறுக்குவதற்காக ஒவ்வொன்றாக இறக்கினேன். சொந்த அலமாரியில் மறந்துபோன தட்டைக் கண்டெடுப்பது ஒரு தனி சந்தோஷம். அட, இது என்னிடம் இருக்கிறதா என்று தோன்றும். ஊசியை வைத்தால், முதல் கரகரப்பிலேயே அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று ஞாபகம் வந்துவிடும். ஆமாம், யார் வீட்டிலிருந்து. இதில் நான் கடையில் வாங்கியது முப்பதுகூட இருக்காது. உறையின் மூலையில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பிஜேந்திரா, ஒன்பதாம் மைல் பகுதி. பாப்பம்மா, பள்ளிக்கூடத்துப் பின் தெரு. ஊரை விட்டுப் போகிறவர்கள் ஆளுக்கு இருபது கிலோதான் கொண்டுபோகலாம். தட்டு கனம். நாயைப் பக்கத்து வீட்டில் விடுவார்கள், தட்டை என்னிடம் விடுவார்கள். நான் ரேடியோ ரிப்பேர்க்காரன். பாட்டின் அருமை தெரிந்தவன் என்று எல்லாருக்கும் தெரியும்.

போன வாரம் நீங்கள் பார்த்த அந்தத் தட்டுக் கட்டு அலமாரியின் அடி வரிசையில், பழைய ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் இருந்தது. ஆறு தட்டு, நீல நைலான் கயிறு. சதேந்திரா அண்ணன் கட்டியது. வந்த நாளிலிருந்து நான் அவிழ்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு உறைக்குள்ளும் வெள்ளைத் தாளில் பென்சில் எழுத்து இருந்தது. சதேந்திரா இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பள்ளியில் தமிழ் படித்தவர். எனக்குப் பேச வரும், தமிழ் எழுத்து தெரியாது. அதனால்தான் உங்களிடம் நீட்டினேன். பாட்டுப் பெயராக இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தீர்கள். பிறகு, "என்னங்க, எல்லாத்துலயும் 'கல்'னு எழுதியிருக்காரு? அது என்ன கல்?" என்று கேட்டீர்கள்.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

சதேந்திரா என்னைவிட நாலு வயது மூத்தவர். வீடு ஐந்து நிமிட நடை. பின்னால் மரவள்ளித் தோட்டம். எழுபத்து நாலில் சென்னைக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டு கொண்டுவந்தார். நாதஸ்வரம், வீணை, பழைய சினிமாப் பாட்டு. ஃபீஜியில் வேறு யாரிடமும் அவை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று இரவல் தருவார். அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் கீறல் தேடுவார். "உன் மெஷின்ல போட்டா இது தட்டு இல்லடா வீரா, தோசைக்கல்லு" என்பார். அவர் மனைவி சரோஜ் அண்ணி சிரிப்பார். நானும் சிரிப்பேன். பதிமூன்று வருடம் சிரித்தேன்.

எண்பத்தேழு மே மாதம் முதல் தடவை ஆட்சி கவிழ்ந்தது. சுவா டவுனில் நம் இந்தியர்களுடைய கடைக்கண்ணாடிகள் நொறுங்கின. சதேந்திராவின் மச்சான் சிட்னியிலிருந்து பேப்பர் அனுப்பினான். "நான் போனா இதெல்லாம் உனக்குத்தான்டா. வேற எவனுக்குத் தெரியும் இதோட அருமை?" என்றார் அண்ணன். அன்று வீட்டுக்கு வந்ததும் பலகை வாங்கி இந்த அலமாரியை அடிக்க ஆரம்பித்தேன். ஜூலையில் ஊர் அடங்கிவிட்டது. ஒரு ஞாயிறு அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, "போகலடா. இங்க பொறந்தவன் எங்க போறது?" என்றார். அலமாரிக்கு அப்போது வார்னிஷ்கூட அடித்தாகிவிட்டது.

அவர் சொன்ன சொல்லை மீறிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவரால் முடிவெடுக்க முடியவில்லை என்று நினைத்தேன். ஒரு சின்ன உதவி தேவைப்பட்டது.

செவ்வாய்தோறும் கம்லா ராமாயணம் படிக்கிற வீட்டுக்குப் போய்விடுவாள். ஜூலை இருபத்தொன்று, செவ்வாய். ஏழு மணி இருக்கும். மரவள்ளித் தோட்டத்திலிருந்து ஒரு கல். கூரையில்தான். எலுமிச்சம்பழம் அளவு. உள்ளே சரோஜ் அண்ணி அலறினார். நான் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து டார்ச்சை அடித்து, "அண்ணே, பயப்படாதீங்க, நான்தான் வீரா, இந்தப் பக்கமா வந்தேன்" என்றேன்.

அன்று என்ன நடந்தது தெரியுமா? அவர்கள் மகள் தீப்திகா, எட்டு வயது, அழுகையை நிறுத்தவில்லை. அவளைத் தேற்றுவதற்காக சதேந்திரா ஒரு தட்டை வைத்தார். இரண்டு பக்கமும் கேட்டோம். அண்ணி டீ கொடுத்தார். தட்டைத் திருப்பச் சொல்லி என் கையில் கொடுத்தார் சதேந்திரா. பதிமூன்று வருடத்தில் அவர் வீட்டில் நான் தட்டைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அதனால் அடுத்த செவ்வாயும் போனேன்.

செவ்வாய்க்கிழமை பாதித் தெரு ராமாயணம் கேட்கப் போய்விடும் என்று தெரிந்தவன்தான் எறிகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். அவர்களுடைய எதிர் வீட்டு ஜோனே கத்தியோடு வந்து ஒரு வாரம் காவல் நின்றான், பாவம். அவன் பூர்வகுடி ஃபீஜியன் என்பதால் அவன் வீட்டோடு எல்லாரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் காலி செய்துகொண்டு போனான். அதற்கு நான் எதுவும் செய்யவில்லை.

டாக்டரம்மா, கட்டு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. ஆம், அப்படித்தான். நன்றி.

ஆறாவது செவ்வாய் மழை பெய்து விட்டிருந்தது. கல் ஈரம். கையிலிருந்து வழுக்கியது. கூரைக்குத்தான் குறி வைத்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். லூவர் ஜன்னலில் போய் விழுந்தது. கண்ணாடிப் பட்டைகள் மூன்று உடைந்தன. அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் தீப்திகா நின்றிருந்தாள். வெளியே யாராவது வருகிறார்களா என்று பார்க்க நின்றாளாம். வலது கண். என் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். வழியெல்லாம் பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரத்தம் கொடுக்க வேண்டுமா என்று நர்சிடம் நானாகவே கேட்டேன். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

"கா பாத் ஹை?" என்கிறாள் கம்லா. என்ன பேசுகிறோம் என்று கேட்கிறாள். "கானா கே பாத்" என்று சொல்லிவிட்டேன். பாட்டு விஷயம். பொய் இல்லை.

செப்டம்பர் கடைசியில் இரண்டாவது தடவை ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த வாரமே அவர்கள் கிளம்பினார்கள். தட்டு எல்லாம் எனக்கு வந்தது. நூற்று நாற்பது தட்டு. இந்த ஆறு மட்டும் தனிக் கட்டாக இருந்தது.

பிறகா? நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், பாதி சொல்லி நிறுத்துவது சரியில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் நாலு வீடு. இரண்டாயிரத்தில் மறுபடி கலவரம் வந்தபோது ஐந்து வீடு. மூலையில் பெயர் பார்த்தீர்களே, அவர்கள்தான். பாப்பம்மாவுக்கு ஒரே கல் போதும். கிழவி அடுத்த மாதமே பிரிஸ்பேனில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். யாருக்கும் அடிபடவில்லை. ஜன்னல் இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் எறிவேன். எல்லாரும் அங்கே நன்றாக இருக்கிறார்கள். வீடு, கார், பிள்ளைகளுக்குப் படிப்பு. தட்டுகளும் இங்கே நன்றாக இருக்கின்றன. கீறல் இருக்கிறதா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள்.

இருபது வருடம் நான் நன்றாகத் தூங்கினேன். போன வெள்ளிக்கிழமை நீங்கள் படித்துக் காட்டியதிலிருந்து தூக்கமில்லை. நீங்கள் படித்தது எனக்கு மனப்பாடம்.

'21-7. கல். வீரா வந்தான். இரண்டு பக்கமும்.'

'28-7. கல். வீரா வந்தான். பாப்பா தூங்கிவிட்டாள்.'

'4-8. கல் 7.05. வீரா 7.06.'

'11-8. கல் 7.00. வீரா 7.01. செருப்பில் மரவள்ளித் தோட்டத்துச் சேறு.'

'18-8. அவனுக்குப் பிடித்த நாதஸ்வரத்தை ஆறு மணிக்கே எடுத்து வெளியே வைத்தேன். வந்து கேட்டிருந்தால் போட்டிருப்பேன். கல்.'

ஆறாவதில் தேதி மட்டும். பென்சில் அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது என்றீர்கள்.

பாருங்கள், நாலாவது வாரமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். நாதஸ்வரத்தை எடுத்து வைத்தவர் வாசலில் வந்து, வாடா என்று கூப்பிட்டிருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு அவரும் ஒரு வகையில் பொறுப்பு. இதைத்தான் ஒரு வாரமாக எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடித்ததும் கூரையில் சத்தம் கேட்கிறது. மாம்பழம்தான் என்று படுக்கிறேன். அப்புறம் இரண்டாவது சத்தம் வருகிறது. உருண்டு, ஓரத்துக்கு வந்து, கீழே. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கம்லாவுக்குக் கேட்கவில்லையாம்.

இந்த ஆறு தட்டையும் ஆக்லாந்துக்குக் கொண்டுபோகவா, இங்கேயே விடவா என்று தெரியவில்லை. ஐந்தைப் போட்டுக் கேட்டேன். ஒரு கீறல் இல்லை. ஆறாவதைப் போட முடியவில்லை.

ஏன் கையை எடுத்துவிட்டீர்கள்? கட்டு இன்னும் முடியவில்லையே.

தெரிந்தும் ஏன் போலீசுக்குப் போகவில்லை, ஏன் எனக்கே கொடுத்தார் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? அதற்கு அவரே பதில் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. நாந்தி விமான நிலையத்துக்குப் போக வேன் வந்து நின்றது. சரோஜ் அண்ணி ஏறிவிட்டார். தீப்திகா கண்ணில் கட்டோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாள். சதேந்திரா கடைசிக் கட்டை, இந்த நீலக் கயிற்றுக் கட்டைத்தான், தன் கையாலேயே கொண்டுவந்து என் கையில் வைத்தார். வைத்தவர் உடனே விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது அவர் ஒன்று கேட்டார். நாட்டு நிலவரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "விழாதுண்ணே" என்று நான் பதில் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்:

"எல்லாத்தையும் எடுத்துக்கடா வீரா. இதோட போதும்ல, இனிமே இங்க வேற யார் வீட்டு மேலயும் கல்லு விழாதுல்ல?"