முப்பத்தோராம் நாளுக்கும் ஒரு சட்டம்

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை மார்க்கம் நகரிலே நம் எல்லோருக்கும் மெய்ப்பித்துக் காட்டியவரும் — முகத்தைச் சுளிக்காதேங்கோ அண்ணை, அந்தக் கதைக்குப் பிறகு வாறன் — இந்த அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருப்பவருமான பெருமதிப்புக்குரிய பத்மநாதன் அண்ணை அவர்களே! ஸ்காபுறோவிலே பிறந்து, தமிழிலே தடுக்கி விழுந்தாலும் நமக்காக எழுந்து நிற்கத் தவறாத மாகாணசபை உறுப்பினர், எங்கள் பிள்ளை பிரசாந்தினி அவர்களே! வேலை விட்டு வீட்டுக்குப் போகாமல், மாற்றிய சேலையும் மாற்றாத களைப்புமாக வந்திருக்கும் தாய்மாரே! முழங்கால் நோவை மாத்திரையால் அடக்கிவிட்டு முன்வரிசையைப் பிடித்திருக்கும் மூத்தோரே! கோப்பிக் கோப்பையோடு கதவடியில் நிற்கும் இளையோரே, உள்ளே கதிரை இருக்கிறது, வந்து இருங்கள்! உங்கள் அனைவருக்கும் இந்த அருள்நாயகத்தின் அன்பு கனிந்த வணக்கம்.

என்ன, என் குரலைக் கேட்டதும் சிலபேர் நெஞ்சிலே கை வைக்கிறீர்கள்? வைக்கத்தான் செய்வீர்கள். தினமும் காலையில் தமிழ் வானொலியிலே மரண அறிவித்தல் வாசிக்கிறவன் நான். போன கிழமை கடையிலே, "தம்பி, அந்த முருங்கைக்காயிலை ஒரு கட்டுத் தாரும்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மா, "ஐயோ, இண்டைக்கு ஆர் மோசம் போனது?" என்று அலறிவிட்டார். இப்படியும் ஒரு குரலை ஆண்டவன் எனக்குத் தந்திருக்கிறான்!

ஆனாலும் அன்பர்களே, இன்றைக்கும் ஓர் அறிவித்தலோடுதான் வந்திருக்கிறேன். நேற்று மாலை நமது ஒன்ராறியோச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய சபை தன் காலத்தை முடித்துக்கொண்டது. நாளையே தேர்தல் பலகைகள் வீதியெங்கும் முளைத்துவிடும். ஆளுக்கு ஆள் குறை சொல்லும் காலம் வந்துவிடும். அதற்குள் நன்றி சொல்ல ஒரு மாலைப்பொழுது வேண்டாமா? செத்தவீட்டுக்கு வந்தவருக்கு நன்றி நவிலும் சமூகம், வாழவைத்த சபைக்கு நன்றி நவில வேண்டாமா?

வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போன பிள்ளைக்குக் காலையுணவு தந்த சபை எது? இந்தச் சபை! காய்ச்சலோடும் வேலைக்கு ஓடிய தொழிலாளியை, சம்பளத்தோடு வீட்டில் படு என்று சொன்ன சபை எது? இந்தச் சபை! டோர்செட் பார்க் அடுக்குமாடியிலே, மார்கழிக் குளிரிலே, மூன்று கம்பளிக்குள் முடங்கிக் கிடந்த குடும்பத்துக்காகக் கட்டட முதலாளியின் கதவைத் தட்டிய சபை எது? இந்தச் சபை!

ஓமோம், கேட்குது ஐயா. வாடகை குறையேல்லைத்தான். எல்லாத்தையும் ஒரே சபை செய்து முடிக்க அதென்ன அட்சய பாத்திரமா? குறையைத் தேர்தலிலே சொல்லுவம். இண்டைக்கு நிறையைச் சொல்லுவம்.

அந்த நிறைகளுக்குள்ளே ஒன்று, பத்திரிகைகள் பெரிதாக எழுதாத ஒன்று. அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

நம்முடைய ஊர் வழக்கிலே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. ஆனால் ரொறன்ரோவிலே என்ன நடக்கிறது? செவ்வாயில் வந்தாலும் சரி, வியாழனில் வந்தாலும் சரி, சனி ஞாயிறுக்குத் தள்ளிவிடுகிறோம். ஏன்? வேலை! நான் வாசித்த அறிவித்தல்களை வைத்துப் பார்த்தால், இந்த நகரத்துத் தமிழருடைய ஆன்மா எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் மோட்சத்துக்குப் புறப்படுகிறது. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் வாசித்து வந்தேன், கோணேஸ்வரி வந்த நாள்வரைக்கும்.

கோணேஸ்வரி மட்டக்களப்பு மண்ணின் மகள். அதோ, இரண்டாம் வரிசையிலே, மகன் ராகுலனுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டு இருக்கிறார். கேக் செய்து பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றிலே வேலை. கணவர் கனகசிங்கம் வாழ்நாள் முழுவதும் சனி ஞாயிறு பாராமல் டிரக் ஓடியவர். படுக்கையில் விழுந்தபோது அவர் மனைவியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "என்ட அந்தியேட்டியை ஞாயிறுக்குத் தள்ளிப்போடாத. உள்ள நாளிலயே செய். நீ பக்கத்தில நில்லு." சொத்துக் கேட்கவில்லை, சுகம் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்டார்.

அந்த நாள் செவ்வாய்க்கிழமையில் வந்தது. கோணேஸ்வரி தன் மேற்பார்வையாளரிடம் போய் விடுமுறை கேட்டார். அவரும் தமிழ்ப் பிள்ளைதான். "அன்ரி, செத்தவீட்டுக்கு லீவு தந்ததுதானே? அது அந்தக் கிழமையோட முடிஞ்சுது. அங்கிள் செத்து ஒரு மாசம். இப்ப லீவு குடுத்தால் மேல இருக்கிறவங்கள் என்னைப் பிடிப்பாங்கள்" என்றார். அவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தொழிற்சாலையின் விதி அப்படி. போனால் வேலை போகும். வேலை போனால் வீட்டுக்கடன் யார் கட்டுவது?

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, ராகுலன் ஐயர் முன்னால் தர்ப்பை போட்டுக்கொண்டு இருந்தான். தாய் தொழிற்சாலைக் கழிவறையிலே கைபேசியைக் காதில் ஒட்டிக்கொண்டு மந்திரம் கேட்டார். அரைவாசியிலே கதவு தட்டப்பட்டது. "அன்ரி, லைன் நிக்குது!" போய்ப் பிறந்தநாள் கேக்குகளைப் பெட்டியில் அடுக்கினார். தாய்மாரே, அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள்!

மறுநாள் வானொலி நிலையத்துக்கு வந்தார். முப்பத்தோராம் நாளோடு நாம் ஒலிபரப்பும் நன்றி நவிலல் இருக்கிறதே, வந்தவர்க்கும் மலர் வளையம் வைத்தவர்க்கும் உணவு சமைத்துத் தந்தவர்க்கும் குடும்பத்தார் சொல்லும் நன்றி, அதிலே ஒரு திருத்தம் வேண்டுமாம். பெயரிலே பிழையோ என்று கேட்டேன்.

"இல்ல அண்ணன். கீழ என்ட பேரைப் போட்டிருக்கு. அதை எடுத்துவிடுங்க. வந்த ஆக்களுக்கு வீட்டுக்காரிதானே நன்றி சொல்ற? நான் அங்க நிக்கல்லயே."

எத்தனையோ சாவைத் தழுதழுக்காமல் வாசித்தவன் நான். அன்று பேனாவை மூடி வைத்தேன். "தங்கச்சி, உம்மட பேரை எடுக்கிற கை எனக்கில்லை" என்று சொல்லிவிட்டு, பிரசாந்தினிக்கு அழைப்பெடுத்தேன். அந்தப் பிள்ளை முழுவதையும் கேட்டது. கேட்டுவிட்டு, "அங்கிள், திஸ் இஸ் நொட் ரைட். நான் பில் கொண்டுவாறன்" என்றது. மசோதாவைக் கொண்டும் வந்தது!

சட்டத்தின் சாரம் எளிது. துக்கத்துக்கென்று சம்பளத்தோடு சில நாட்கள். அவற்றை ஒரேயடியாக எடுக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்குள், தேவையான நாளிலே, தனித்தனியாக எடுக்கலாம். அந்தத் 'தனித்தனியாக' என்ற வரியிலேதான் சண்டை. ஆராயும் குழுவிலே வடக்கே பண்ணைத் தொகுதி ஒன்றின் உறுப்பினர், மக்லாரன் என்று ஒரு பெரியவர், அந்த வரி வேண்டாம் என்றார். "அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து எதற்கு விடுமுறை? என் ஊர்ச் சின்னக் கடைக்காரன் மாற்று ஆளுக்கு எங்கே போவான்?" அவர் இல்லாமல் குழுவிலே வரி நிற்காது. சபையின் காலமோ கரைந்துகொண்டிருந்தது. சபை கலைந்தால் முடியாத மசோதாக்கள் எல்லாம் அதனோடு மாண்டுபோகும்.

இந்த நெருக்கடியிலேதான், பத்மநாதன் அண்ணை, உங்கள் திருவிளையாடல்!

மார்க்கத்திலே பொங்கல் விருந்து. எல்லாக் கட்சியிலிருந்தும் உறுப்பினர்கள் வருகிறார்கள். மசோதாவை ஆதரிக்கும் வேறு கட்சி உறுப்பினர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அவரோ பனியிலே வாகனம் சிக்கி வழியில் நிற்கிறார். தலைவர் மேடையிலிருந்து பார்க்கிறார். முன்வரிசையிலே நெடிய வெள்ளைக்காரர் ஒருவர் அடக்கமாக இருக்கிறார். நம் வழக்கம் என்ன? ஆளைக் கேட்பதா முதலில், ஆடையைப் போர்ப்பதா? போர்த்துவிட்டார்! "துயருற்றோர் துணைவரே, துக்க விடுமுறைச் சட்டத்தின் தூணே!" என்று ஒலிவாங்கியிலே முழங்கியும்விட்டார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பிரசாந்தினி மாத்திரம் ஓடிவந்து, "அங்கிள், நோ! இவர்தான் எதிர்க்கிற ஆள்!" என்று தலையில் கை வைத்தது.

பொன்னாடையோடு நின்றவர் மக்லாரன்!

திருப்பி வாங்க முடியுமா? போர்த்த பொன்னாடையைப் பறித்த தமிழன் எங்காவது உண்டா? அந்த மனிதரும் நல்லவர். ஒலிவாங்கியிலே, "நான் செய்யாத காரியத்துக்கு இவ்வளவு நன்றி எனக்கு எவரும் சொன்னதில்லை. அது என்ன காரியம் என்று யாராவது விளக்க முடியுமா?" என்று கேட்டார். அவரைக் கொண்டுபோய்க் கோணேஸ்வரிக்குப் பக்கத்திலே இருத்தினோம். நடுவிலே ராகுலன், மொழிபெயர்க்க.

கோணேஸ்வரி செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "உங்கட அப்பா இருக்காரா ஐயா?" என்று கேட்டார்.

மக்லாரன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் தகப்பன் தை மாதத்திலே இறந்தவராம். அவர்கள் ஊரிலே அந்த மாதத்தில் நிலம் இரும்பாகிவிடும், தோண்ட முடியாது. பிரார்த்தனையை முடித்து, பெட்டியை மயானத்திலே ஒரு கல் அறைக்குள் வைத்துப் பூட்டி, பனி உருகியபிறகு வைகாசியில்தான் அடக்கம். அப்போது அவர் மர ஆலையிலே கூலியாள். விடுமுறையெல்லாம் தையிலேயே முடிந்துவிட்டது. வைகாசியிலே குழிக்குப் பக்கத்தில் தாய் பாதிரியாரோடு தனியாக நின்றாராம். "நான் அன்று மரம் அறுத்துக்கொண்டு நின்றேன்" என்றார்.

கோணேஸ்வரி எழுந்துபோய் இன்னும் இரண்டு வடை எடுத்து வந்து அவர் தட்டிலே வைத்தார். அழுகிறவருக்கு முதலில் சாப்பாடு. அது நம் பெண்களின் நியாயம்.

அடுத்த அமர்விலே மக்லாரன் எழுந்தார். "அவர்களுக்கு முப்பத்தோராம் நாள். எங்களுக்கு நிலம் இளகும் நாள். ஒரு மனிதன் தன் இறந்தவரிடம் எந்த நாள் போகவேண்டும் என்பதை முதலாளியும் குறிக்கக்கூடாது, இந்தச் சபையும் குறிக்கக்கூடாது. அந்த வரி இருக்கட்டும்" என்றார். வரி இருந்தது! பங்குனியிலே சட்டம் நிறைவேறியபோது, குயின்ஸ் பார்க் சட்டமன்றத்திலே பார்வையாளர் மாடத்தில் நாங்கள் இருந்தோம். அங்கே கைதட்டக்கூடாது என்பது விதி. கைதட்டாமல் இருப்பது தமிழனுக்கு எவ்வளவு கடினம் தெரியுமா? கோணேஸ்வரி இரண்டு கையையும் கூப்பினார். காவலர் தடுக்க வந்தார். வந்தவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கோணேஸ்வரிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடந்துபோன அந்தச் செவ்வாய்க்கிழமையை எந்தச் சட்டமன்றமும் திருப்பித் தராது. நானும் அப்படித்தான் கவலைப்பட்டுக்கொண்டு இருந்தேன். ஆனால் சென்ற வாரம் நடந்தது ஒன்றை ராகுலன் சொன்னான். அதைச் சொல்லி அமர்கிறேன்.

அந்த மேற்பார்வையாளர், கதவைத் தட்டினாரே, அவருடைய தகப்பனார் சித்திரையிலே தவறிப்போனார். அறிவித்தலை நான்தான் வாசித்தேன். முப்பத்தோராம் நாள் வியாழக்கிழமை. சட்டம் இருக்கிறது, விடுமுறை உரிமை. ஆனாலும் அந்தப் பிள்ளை கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கோணேஸ்வரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது? புதன்கிழமை வேலை முடிகிற நேரம், கோணேஸ்வரி தானே அவரிடம் போனார்.

"மகன், நாளைக்கு அப்பாட அந்தியேட்டிதானே? ஏன் இன்னும் லீவு போடல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "லைனுக்கு ஆளில்லை அன்ரி" என்றார்.

"நான் நிக்கிறன். உங்கட இடத்தில நான் நிண்டு பார்க்கிறன். போங்க மகன். அவசரப்படாம, கடைசி மந்திரம் வரைக்கும் இருந்துட்டு வாங்க."

அன்பர்களே! சட்டமன்றம் ஒரு நாளைத்தான் தந்தது. அந்த நாளை, தனக்கு மறுத்தவனின் கையிலே கொண்டுபோய்க் கொடுத்தவர் நம்முடைய கோணேஸ்வரி! சபை செய்த சட்டத்துக்கு நன்றி. சட்டம் செய்த பிரசாந்தினிக்கு நன்றி. மனம் மாறிய மக்லாரனுக்கு நன்றி. தவறான தோளிலே சரியான ஆடையைப் போர்த்த தலைவருக்கு நன்றி. தங்கச்சி கோணேஸ்வரி, எழும்பும். உமக்கு நன்றி சொல்ல என்னிடம் சொல் இல்லை. இந்த மண்டபத்திலே கைதட்டத் தடையில்லை, மக்களே. எழுந்து நின்று தட்டுங்கள். உங்கள் எல்லோருக்கும் என் இரு கை கூப்பிய வணக்கம்.