ஏழாவது அறிவிப்பு

அந்தப் பக்கம் வேண்டாம். பின்னாடி திருப்பு. பின்னாடின்னா தண்ணித் தொட்டிக்கும் பின்னாடி, ஊழியர் குடியிருப்பு தெரியுதுல்ல, அதைப் பார்த்து. மூணு ஸ்பீக்கர் தோட்டத்தைப் பார்த்தே இருக்கட்டும். இந்த ஒண்ணு மட்டும் பின்னாடி.

ஆபீஸ்ல நாலையும் முன்னாடி திருப்பச் சொன்னாங்களா. சொல்லுவாங்க. ஏணி மேல நிக்கறது ஆபீஸா, நீயா? கேட்டா ஆபரேட்டர் சொன்னார்னு சொல்லிடு. முப்பத்தோரு வருஷமா இந்த ஆஸ்பத்திரில எந்தச் சத்தம் எங்க போகணும்னு பார்க்கறவன் நான்தான்.

அங்க யாரு கேக்கப் போறாங்கன்னா? ஆள் இருக்கு. நீ திருப்பு.

மணி மூணு பத்து. நாலு மணிக்குத் தோட்டத்துல பெரிய டாக்டருக்கு வழியனுப்புக் கூட்டம். நீ முறுக்கற வேகத்துக்கு அந்தத் திருகாணிக்கே நரை வந்துடும்போல. ஜன்னல் வழியாப் பேசினா கேக்குதுல்ல? சரி. நான் இங்க உக்காந்தே பேசறேன். முட்டி வலி.

இந்த ரூமா? ஆமா, ரெண்டும் இதுலதான். அந்தப் பக்கம் டெலிபோன் போர்டு, இந்தப் பக்கம் மைக். வெளியில இருந்து வர்ற போனை வார்டுக்குக் குடுக்கணும், வார்டுல கேக்கறதை வெளியில குடுக்கணும். நடுவுல யாரையாவது கூப்பிடணும்னா மைக். திங்கக்கிழமை எட்டு மணிக்கு, ஷிப்ட் மாறற நேரத்துல, ஊழியர் செய்தி. யாரு புதுசா வந்தாங்க, யாரு ஓய்வு, யாருக்குக் குழந்தை, யாரு வீட்டுல சாவு, கேண்டீன் எத்தனை மணிக்கு மூடும். எல்லாம் ஒரே குரல்ல. அழுகாச்சியும் படிக்கக் கூடாது, சிரிச்சும் படிக்கக் கூடாது. பழகிடுச்சு.

இந்த வாரம் மட்டும் எட்டு மணிக்குப் படிக்கலை. நாலு மணிக்கு. பெரிய டாக்டர் கடைசியா ஒரு தடவை மேடையில உக்காந்து கேக்கணுமாம். அவரே கேட்டுக்கிட்டது. உங்க குரல்ல கேட்டாத்தான் எனக்குச் செய்தி மாதிரி இருக்குன்னாரு. தோள்ல கை வெச்சு சொன்னாரு. வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு வேற கேட்டாரு.

ஒன்பது வருஷமா வருஷம் ஒரு தடவை கேக்கறாரு. சௌக்கியம்னு சொல்லுவேன். வேற என்ன சொல்ல. மறந்துட்டாரு. நடிக்கலை, நிஜமாவே மறந்துட்டாரு. மத்ததெல்லாம்கூட ஒரு மாதிரி விழுங்கிடலாம். அந்த மறதியைத்தான் என்னால செரிக்க முடியலை.

என்னத்தைன்னா? நீ ஒயரைப் பாரு. கை வேலை செய்யட்டும், காது சும்மாத்தானே இருக்கு.

பதினோரு வருஷம் இருக்கும். அவரு அப்ப பெரிய டாக்டர் இல்லை, மூணாம் வார்டு டாக்டர். அந்த வார்டுல ஒரு நர்ஸ். கடிகாரம்னு பேரு வெச்சிருந்தாங்க. ரெண்டு மணி மருந்துன்னா ரெண்டு மணிக்கு மருந்து, ஒரு நிமிஷம் முன்னாடியும் இல்லை பின்னாடியும் இல்லை. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். புது டாக்டருங்களுக்கெல்லாம் அவளைக் கண்டா பயம். இவருக்குக் கிடையாது. இவருக்கு யாரைக் கண்டும் பயம் கிடையாது.

ஒரு தச்சுவேலைக்காரர், நாப்பது வயசு, கால்ல ஆணி குத்தி சீழ் புடிச்சு வந்திருந்தாரு. டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டாரு. எழுதிக் குடுத்திருந்த ஊசி கையிருப்பு இல்லை. வேற எது போடலாம்னு கேக்க நர்ஸ் போன் பண்ணா. இந்த போர்டு வழியாத்தான். ரெண்டு பத்துக்குக் குடுத்தேன், ரெண்டு பதினாலுக்கு வெச்சாங்க. புத்தகத்துல எழுதியிருக்கு, என் கையெழுத்துல.

அவரு ஒரு மருந்து பேரைச் சொன்னாரு. நர்ஸ் சொன்னா, சார், இவரு அட்டையில சிவப்பு மையில எழுதியிருக்கு, அது இவருக்கு ஒத்துக்காதுன்னு. அவரு சொன்னாரு, அதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான், போடு. மறுபடியும் சொன்னா. நான் சொல்றேன்ல, போடு, வந்து புத்தகத்துல கையெழுத்து போட்டுடறேன்னாரு. சாப்பிட்டுக்கிட்டே பேசினாரு. மெல்லற சத்தம் கேட்டுச்சு.

எனக்கெப்படித் தெரியுமா? லைன்ல இருந்தேன். தப்புதான். குடுத்துட்டு வெச்சுடணும், அதான் விதி. நான் வெக்கலை. அந்த நர்ஸ் குரலைக் கேட்டா ஒரு நிமிஷம் கூடக் கேட்டுட்டுத்தான் வெப்பேன். அது ஒரு பழக்கம்.

மூணு மணிக்கு அந்த ஆள் செத்துட்டாரு. மூச்சு அடைச்சு. பொண்டாட்டி கீழ வராண்டாவுல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான்தான் மைக்ல கூப்பிட்டேன், உடனே மேல வரவும்னு.

அப்புறமென்ன. போன்ல சொன்ன மருந்தை நர்ஸ் ஒரு புத்தகத்துல எழுதுவாங்க, டாக்டர் அன்னைக்கே வந்து கையெழுத்து போடணும். இவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சனிக்கிழமை வந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து மளமளன்னு போட்டுட்டுப் போவாரு, ஒரு வரி படிக்காம. அந்த வாரம் சனிக்கிழமை வந்தாரு. எல்லாத்துலயும் போட்டாரு. அந்த ஒண்ணுல மட்டும் போடலை. நான் சொல்லவே இல்லைன்னுட்டாரு. முதல் தடவையா படிச்சுப் பார்த்துட்டு விட்ட கையெழுத்து அதுதான்.

விசாரணை வெச்சாங்க. போன் போனது உண்மை, என்ன பேசினாங்கன்னு யாருக்குத் தெரியும்னாங்க. எனக்குத் தெரியும்னேன். எந்திரிச்சு நின்னு சொன்னேன், வார்த்தை மாறாம. ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து சிரிச்சாங்க. முதல்ல, லைன்ல ஒட்டுக் கேட்டதுக்கு உன் மேலயே நடவடிக்கை எடுக்கணும்னாங்க. ரெண்டாவது, பொண்டாட்டிக்குப் புருஷன் சாட்சியான்னாங்க.

ஆமா. என் வீட்டுக்காரிதான்.

ஏன் நிறுத்திட்டே? முறுக்கு.

இரு, இன்னும் முடியலை. அவளை வேலையை விட்டு எடுத்தாங்க. அந்தத் திங்கக்கிழமை ஊழியர் செய்தி தாள் வருது. ஒண்ணு, கேண்டீன் நேரம் மாற்றம். ரெண்டு, எக்ஸ்ரே ரூமுக்குப் பெயின்ட் அடிக்கறாங்க. மூணு, மூணாம் வார்டு செவிலியர், பணி எண் இருநூத்திப் பதினாலு, கவனக்குறைவால் நோயாளி உயிரிழந்ததை ஒட்டிப் பணிநீக்கம். நாலு, ஒரு குடை கிடைச்சிருக்கு, உரியவர் வந்து வாங்கிக்கலாம். பெயின்ட்டுக்கும் குடைக்கும் நடுவுல என் பொண்டாட்டி.

ஹெட் கிளார்க்கிட்ட போனேன். இந்த ஒரு நாளு வேற யாராவது படிக்கட்டும்னேன். உன் வேலையை நீதான்யா பார்க்கணும்னாரு. பார்த்தேன். மைக்கைப் போட்டேன், படிச்சேன். இந்தப் பின்பக்க ஸ்பீக்கர் அப்பவும் குடியிருப்பைப் பார்த்துதான் இருந்துச்சு. அவ சமையக்கட்டு ஜன்னல்கிட்ட நின்னு கேட்டிருக்கா.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். தட்டை வெச்சா. தடுமாறாமப் படிச்சீங்கன்னா. அவ்வளவுதான். கோவமும் இல்லை, அழுகையும் இல்லை. குத்திக் காட்டினாளா, பாராட்டினாளா, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேக்கற தைரியம் எனக்கு வரலை.

அதுலேர்ந்து திங்கக்கிழமை எட்டு மணி ஆச்சுன்னா அந்த ஜன்னலைச் சாத்திடுவா. மழை, வெயில், அடுப்புல புகை, எதுவா இருந்தாலும் சரி. பதினோரு வருஷம். கடிகாரம்ல.

அவகிட்ட போய் நீ தப்பு பண்ணலைன்னு சொல்லிப் பாரு. ஊசி குத்தினது என் கைதானேம்பா. ரெண்டு தடவை சொன்னவ மூணாவது தடவையும் சொல்லியிருக்கணும், முடியாதுன்னு போனை வெச்சிருக்கணும்பா. அந்தத் தச்சர் பேரை இன்னும் தூக்கத்துல சொல்றா. சாப்பிட்டுக்கிட்டே போடுன்னு சொன்னவருக்கு அந்த ஆளு பேரு தெரியுமான்னு கேளு. தெரியாது. நான் கேட்டுப் பார்த்திருக்கேன், பேச்சுவாக்குல. எந்தத் தச்சர்னாரு.

ரெண்டு வருஷத்துல அவரு பெரிய டாக்டர் ஆயிட்டாரு. அதையும் நான்தான் படிச்சேன்.

இல்லைப்பா, கையை ஓங்கலை. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு யாரைப் போய் அடிக்கறது? காத்துக்கிட்டு இருந்தேன். ஆறு வருஷம் முன்னாடி அவருக்கு ஏதோ சிறந்த மருத்துவர் விருது குடுத்தாங்க. ஊழியர் செய்தியில அந்த வரியை விட்டுட்டுப் படிச்சேன். வேணும்னுதான். மெமோ குடுத்தாரு. இதோ மைக்குக்கு மேல மாட்டியிருக்கேன் பாரு, அங்கிருந்தே தெரியும். என் கையெழுத்துள்ள தாளில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீழ கையெழுத்து, முத்திரை. கண்ணாடி போட்டு வெச்சிருக்கேன், சாமி படம் மாதிரி.

சிரிக்காதே, ஏணி ஆடுது.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. இந்த மனுஷன் இன்னும் படிக்காமத்தான் கையெழுத்து போடறாரா? பார்த்துடுவோம்னு ஒரு திங்கக்கிழமை ஃபைல்ல கடைசியா ஒரு வரி சேர்த்தேன். கேண்டீன் பூனை இன்று முதல் நிரந்தரப் பணியில் சேர்க்கப்படுகிறதுன்னு. கார்ல ஏறப் போறவர்கிட்ட நீட்டினேன். கதவு மேல வெச்சு போட்டுட்டுப் போயிட்டாரு. முத்திரையும் குத்தியாச்சு. அந்தத் தாளைப் படிக்கலை, வேற தாள் எழுதி வாங்கிட்டேன். ஆனா பத்திரமா வெச்சிருக்கேன். சட்டப்படி பார்த்தா அந்தப் பூனைக்கு இப்ப ஓய்வூதியம் வரணும்.

சரி, முடிஞ்சுதா? ஒரு இழுப்பு இழுத்துப் பாரு, காத்துல திரும்பிடப் போகுது.

மைக் டெஸ்ட் வேண்டாம். ஒண்ணு ரெண்டு மூணுன்னு கத்தறதெல்லாம் கல்யாண வீட்டுக்காரன் வேலை. இது பேசும். நான் பேச வேண்டியது ஒரே தடவைதான்.

இன்னைக்கு என்ன படிக்கப் போறேனா? ஏழு இருக்கு. ஒண்ணு, கண் டாக்டர் புதுசா வர்றாங்க. ரெண்டு, லிப்ட் ரிப்பேர். மூணு, ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ரெட்டைப் பொண்ணுங்க. நாலு, வண்டி நிறுத்தற இடம். அஞ்சு, கேண்டீன். ஆறு, பெரிய டாக்டர் ஓய்வு, ரெண்டு பக்கம், அவரு செஞ்சது செய்யாதது எல்லாம். அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் அவரே உக்காந்து திருத்தினாரு. ஒரு இடத்துல நல்லன்னு இருந்ததை மிகச் சிறந்தன்னு மாத்தினாரு.

ஏழாவது, திருத்தம். கடைசியா எப்பவும் திருத்தம் ஒண்ணு வரும். போன வாரம் தண்ணி வராதுன்னு சொன்ன நாளு செவ்வாய் இல்லை, புதன், அந்த மாதிரி. யாரு படிப்பாங்க அதை?

காலையில நீட்டினேன். மாலைக்கும் போட்டோவுக்கும் நடுவுல நின்னாரு. சார், படிச்சுட்டுப் போடுங்கன்னேன். சாட்சிக்கு அவரு டிரைவர் பக்கத்துல நின்னான். இத்தனை வருஷத்துல படிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாவம்னு இல்லை. நாளைக்கு யாரும் நான் ஏமாத்தினேன்னு சொல்லக் கூடாது. உங்க மேல நம்பிக்கை இல்லாமலான்னு சொல்லிட்டுப் போட்டாரு. நல்லா அழுத்தி, எல்லாப் பக்கத்துலயும்.

இந்தா, நீயே பாரு. கையை நீட்டு. அழுக்கு ஆக்கிடாதே. வாய் விட்டுப் படிக்காதே, கீழ ஆள் போகுது.

படிச்சியா. ஆமா, அன்னைக்குப் போன்ல பேசினது அப்படியே. ரெண்டு பத்துலேர்ந்து ரெண்டு பதினாலு வரைக்கும். ஒரு சொல் கூட்டலை, குறைக்கலை. அவ சொன்னது, அவரு சொன்னது, தச்சர் பேரு, சிவப்பு மை. மருந்தைப் போடச் சொன்னது நானே, புத்தகத்தில் கையெழுத்திடாமல் விட்டதும் நானே, பணி எண் இருநூத்திப் பதினாலு மீது தவறில்லைன்னு முடியும். கீழ பாரு. அன்னைக்கு விட்டுப்போன கையெழுத்து இன்னைக்குத்தான் வந்திருக்கு. பதினோரு வருஷம் லேட்டு.

என் வேலையா? இன்னும் மூணு மாசம். எடுத்துக்கட்டும். அதையும் நானே படிச்சுட்டுப் போறேன்.

குடு இப்படி.

அவளுக்குத் தெரியாது. சொன்னா வேண்டாம்பா. போறவரு போகட்டும்பா. காலையில கிளம்பறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், இன்னைக்கு நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்தாதேன்னு. அவ பாட்டுக்குப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தா.

கைதட்டறாங்க. மேடை ஏறிட்டாரு போல.

எறங்காதே, இரு. அங்கிருந்து பார்த்தா தெரியும். குடியிருப்புல மூணாவது வீடு, பச்சை ஜன்னல். என்ன பண்ணியிருக்கா?

நல்லாப் பாரு.

ரெண்டு கதவும் திறந்திருக்கா?

சரி. உன் பக்கம் இருக்கற ஸ்பீக்கர் சுவிட்சைப் போடு.